பரீட்சைக்கு மட்டும் வல்லாரை

வல்லாரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பத்தாம் வகுப்புப் பிள்ளைதான். பரீட்சை நெருங்கினால் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி வல்லாரைப் பொடியும் மாத்திரையும் வாங்கினோம். தேர்வு முடிந்ததும் அந்த டப்பாவை மறந்தோம். அதே வீட்டில், சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகாமல் "இன்னும் சோறு போடலையா?" என்று கேட்ட பாட்டிக்கு "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பதைத் தவிர நம்மிடம் ஒன்றும் இல்லை. ஞாபகத்தை மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டுவிட்டோம். மதிப்பெண் வாங்கப் போகாதவர்களின் ஞாபகம் நமக்குப் பொருட்டாகவே படவில்லை.

கீரையையாவது காப்பாற்றினோமா? வரப்போரத்தில், வாய்க்கால் கரையில், கணுவுக்குக் கணு வேர்விட்டு யாரும் விதைக்காமலே படர்ந்தது அது. யாழ்ப்பாணத்தில் இன்றும் அதைப் பச்சையாகப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சம்பலாகப் பிசைகிறார்கள். நாமோ வாய்க்காலில் சாக்கடையைத் திறந்துவிட்டோம். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும் செடி வல்லாரை. அதனால் இன்று அந்தக் கரைகளில் முளைப்பதைப் பறித்துச் சமைக்க முடியாது.

ஆராய்ச்சியிலும் அலட்சியம்தான். வல்லாரையில் இருக்கும் ஏசியாட்டிகோசைடு போன்ற சேர்மங்கள் மூளை நரம்புகளுக்கு என்ன செய்கின்றன என்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் எலிகளிடமும் மனிதர்களிடமும் ஆராய்கிறார்கள். 2017-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவுத்திறனை வல்லாரை கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. நடந்தவை பெரும்பாலும் சிறிய, குறுகிய காலச் சோதனைகள். இன்னொரு செடியின் கதை வேறு. பல்கேரியாவில் 1950-களில் பனித்துளிப் பூச்செடியிலிருந்து கேலன்டமைன் என்ற சேர்மத்தை எடுத்தார்கள். விடாமல் சோதித்ததன் பலனாக, 2001-இல் அமெரிக்காவில் அல்சைமர் நோய்க்கான மருந்தாக அது அனுமதி பெற்றது. நோயை அது குணமாக்காது, அறிகுறிகளைச் சிலகாலம் தணிக்கும். அந்த அளவுக்காவது அவர்கள் தங்கள் செடியைப் பின்தொடர்ந்தார்கள். நாம் "எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னது" என்று மேடையில் கைதட்டியதோடு எழுந்து வந்துவிட்டோம். பெருமை பேசிய நேரத்தில், முதியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சொல்லுங்கள் என்று ஒருமுறையாவது உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டும் மாத்திரைக் கடைக்கே ஓடினோம் என்றால் அதுவும் இன்னொரு அலட்சியம். வல்லாரை மாத்திரை தின்றவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

மறதிக்கெல்லாம் மூப்பே காரணம் இல்லை. வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு மந்தமானாலும், மனச்சோர்வு அழுத்தினாலும் ஞாபகம் தடுமாறும். இவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. பிள்ளையின் மதிப்பெண்ணுக்காக ஊரெல்லாம் மருந்து தேடிய நாம், பாட்டியை ஒரு ரத்தப் பரிசோதனைக்குக்கூட அழைத்துப் போகவில்லை.