பல்பை மாற்றும் முன் ரெகுலேட்டரைப் பாருங்கள்!

''என் பழைய பைக்கில் ஹெட்லைட் பல்பு மாதம் இரண்டு முறை பியூஸ் போகிறது. கூடவே டெயில் லைட்டும் போய்விடுகிறது. விடியற்காலையில் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோக முடியவில்லை. என்ன செய்வது?''

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

''பழைய பைக்குகள் பலவற்றில் இந்த இரண்டு லைட்டுக்கும் மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜின் ஓடும்போது மேக்னட் காயிலில் இருந்து வருகிறது. வேகம் கூடினால் வோல்டேஜும் ஏறும். அதைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். இரண்டு பல்பும் சேர்ந்து போவதால், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதலில் ரெகுலேட்டரின் எர்த் ஒயரைப் பாருங்கள். துருவோ, சேறோ இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்குங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். அடுத்து, வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, அதன் இணைப்பில் மல்டிமீட்டரை ஏ.சி-யில் வைத்து, ஆக்சிலரேட்டரை முறுக்குங்கள். 12 வோல்ட் வண்டியில் அளவு 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், ரெகுலேட்டரை மாற்ற வேண்டும்.

வெளிச்சம் போதவில்லை என்று 35 வாட் பல்புக்குப் பதில் 60 வாட் போடாதீர்கள். காயில் அவ்வளவு தராது. வெளிச்சம் இன்னும் மங்கும்.

சரிசெய்யும் வரை இருட்டில் கிளம்பாதீர்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் டெயில் லைட்தான் அடையாளம்.''