கரை வைத்த ஊர்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் குழந்தைகளுக்கு ஓய்வு. அப்பாக்களின் மணிபர்ஸுக்குத்தான் ஓய்வு கிடையாது. இந்த வருஷத்து விடுமுறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவன் என் மைத்துனன். ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கிறான். குடும்பத்தோடு வெனிஸ் நகரத்துக்குப் போய், அங்கிருந்து படம் படமாக அனுப்பித் தள்ளிவிட்டான்.

அப்போது நாங்கள் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் என் அத்தை வீட்டில் இருந்தோம். என் மனைவி செல்போனை அத்தையிடம் நீட்டி ஒவ்வொரு படமாகக் காட்டினாள். தெருவெல்லாம் தண்ணீர், தண்ணீரில் படகு, படகை விட்டு இறங்கினால் வீட்டு வாசல்.

அத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் அழகாகத்தான் இருக்கு. வாசலில் கோலம் எங்கே போடுவாங்க?" என்று கேட்டாள்.

என் மனைவியிடம் பதில் இல்லை. ஆகவே நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். மத்தியதரைக் கடலின் ஒரு கை போல நீண்டு கிடப்பது ஏட்ரியாட்டிக் கடல். அதன் தலைமாட்டில் சின்னச் சின்னத் தீவுகளின் மேல் எழுந்த ஊர் வெனிஸ். ஒரு காலத்தில் கீழ்த் திசைச் சரக்கெல்லாம் அங்கே கப்பலில் வந்து இறங்கும். பட்டு நெசவுக்கும் அது பேர் போன ஊர் என்றெல்லாம் சொன்னேன். 'பட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பட்டு, கோயில், கப்பல், கடல்! நம்ம காஞ்சிபுரத்தையும் மகாபலிபுரத்தையும் பக்கத்திலே பக்கத்திலே வெச்ச மாதிரின்னு சொல்லு."

"சரியாகச் சொன்னீர்கள். மகாபலிபுரத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்!"

"நான் எங்கே தம்பி பார்த்தேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்கு வயது 72. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 65 கிலோ மீட்டர். நான் மயிலாப்பூரிலிருந்து எத்தனை தடவை போய் வந்திருக்கிறேன்! 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தபோது செய்தி சேகரிக்கப் போனேன். கல்லூரி நாளில் சிநேகிதர்களோடு போனேன். கல்யாணமான புதிதில் மனைவியோடு போனேன். அத்தையைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"மாமா ஒரு தடவையாவது அழைத்துப் போயிருக்கலாமே?" என்றாள் என் மனைவி.

"அவர் மேலே குத்தமில்லேம்மா. 'இந்தப் பாவு முடியட்டும், போகலாம்'னு சொல்லுவார். அது முடியறதுக்குள்ளே அடுத்த பாவு வந்துடும்."

தறி வீட்டைப் பார்த்திராத வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. தறியில் நீளவாட்டில் போடும் நூல்தான் பாவு. ஒரு பாவில் வழக்கமாக மூன்று புடவை நெய்வார்கள். அதிலும் காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடை நூலால் கோத்துக் கோத்துக் கொண்டு போக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளி நடுவில் உட்கார, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீச வேண்டும். மாமாவின் பக்கத்தில் அப்படி நாற்பது வருஷம் உட்கார்ந்தவள் அத்தை. மாமா காலமான பிறகு தறியையும் விற்றாகிவிட்டது. பாவு முடிந்துவிட்டது, கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை.

"நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் புறப்படுகிறோம்" என்றேன்.

"வீட்டை யார் பார்த்துக்கறது?" என்றாள் அத்தை.

"வீடு எங்கேயும் போகாது, அத்தைப் பாட்டி. அதுக்குக் காலில்லை" என்றாள் என் பத்து வயது மகள். வழக்கு அத்துடன் தீர்ந்தது.

விடிவதற்குள் அத்தை மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லியை மந்தாரை இலையில் கட்டி வைத்துவிட்டாள். ஆனால், புறப்படும்போது அவள் கட்டிக்கொண்டு வந்த புடவையைப் பார்த்துத்தான் என் மனைவிக்குப் பகீரென்றது. அரக்கு உடல், பச்சைக் கரை, அசல் பட்டு! "உப்புத் தண்ணீர் பட்டால் வீணாகிவிடுமே, அத்தை!" என்று பதறினாள். அத்தை புன்னகை செய்தாளே தவிர, புடவையை மாற்றவில்லை.

வாலாஜாபாத், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் போயிற்று. பட்சி தீர்த்தத்தில் கழுகுகள் வந்து அமுது உண்ட கதையை அத்தை மகளுக்குச் சொன்னாள். அவை வருவது நின்று பல வருஷமாகிவிட்டது என்று நான் சொன்னதும், "மனுஷங்களே சொன்ன நேரத்துக்கு வரதில்லே, கழுகு என்ன பண்ணும்?" என்றாள். பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது.

ஒரு யோசனை சொல்கிறேன்: வெயில் ஏறுவதற்குள் ஐந்து ரதங்களைப் பார்த்துவிடுங்கள். ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே நுழைவுச் சீட்டுப் போதும். நாங்களும் அப்படியே செய்தோம்.

பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த கோயில்கள் அவை. திரௌபதி ரதத்தின் முன் அத்தை நின்றுவிட்டாள். ஓலைக் குடிசை மாதிரியே கல்லில் ஒரு குடிசை! "ராஜா கட்டினாலும் கூரை நம்ம கூரைதான்" என்று திருப்திப்பட்டாள். அப்புறம் ஒவ்வொரு ரதத்தையும் சுற்றி வந்து, வேலை பாதியில் நின்ற இடங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். உளி பட்டும் படாமலும் விட்ட கல் அங்கே நிறைய உண்டு.

"இவங்களும் பாவு முடிக்காமலேதான் எழுந்து போயிருக்காங்க" என்றாள். யாரை நினைத்துச் சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கிறவனையும் கன்றை நக்கும் பசுவையும் கண்டு அவள் முகம் மலர்ந்தது. பெரிய தபசுப் பாறையின் முன்னே, தவம் செய்கிறவன் அர்ச்சுனனா பகீரதனா என்று பண்டிதர்கள் நடத்தும் வாதத்தை நானும் என் மனைவியும் கொஞ்சம் நடத்திப் பார்த்தோம். மகளோ, ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கிற எலிகளையும் கண்டுபிடித்துக் கைகொட்டினாள். "எல்லா ஊரிலும் இப்படி ஒரு பூனை உண்டு" என்றாள் அத்தை.

ஸ்தலசயனப் பெருமாள் கோயிலில் பெருமாள் பாம்பணை இல்லாமல் வெறுந்தரையில் பள்ளி கொண்டிருக்கிறார். கடலை இறைத்துவிடப் பார்த்த புண்டரீக முனிவருக்காக இங்கே வந்து தரையில் படுத்தார் என்பது ஐதீகம். பூதத்தாழ்வார் அவதரித்த தலமும் இதுதான். பொய்கையாழ்வார் காஞ்சிபுரம், பேயாழ்வார் மயிலாப்பூர். மழை பெய்த ஓர் இரவில் மூவரும் திருக்கோவலூரில் ஒரு சின்ன இடைகழியில் சந்தித்தார்களாம். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். காஞ்சி அத்தையும் மயிலாப்பூர்க்காரனான நானும் கடல்மல்லையில் நிற்கிறோம் என்று சொன்னேன். "அவங்க ஆழ்வாருங்க. நமக்கு இப்போ பசி" என்றாள். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

மாலையில் கடற்கரைக் கோயில். உள்ளே காலடி வைத்ததுமே அத்தை, "இந்தச் சிங்கம் நம்ம கைலாசநாதர் கோயில் சிங்கமாச்சே!" என்றாள். கருவறைக்குள் எட்டிப் பார்த்து, சிவனும் உமையும் நடுவே குழந்தை முருகனுமாகப் பின்சுவரில் இருக்கிற சோமாஸ்கந்தரைக் கண்டதும், "இதுவும் நம்ம ஊரிலே இருக்கு" என்றாள்.

அவள் சரித்திரம் படித்தவளல்ல. பிரதோஷந்தோறும் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவள். பண்டிதர்கள் கல்வெட்டைக் கொண்டு சொல்வதை அவள் கண்ணைக் கொண்டு சொல்லிவிட்டாள். சுமார் 1300 வருஷங்களுக்கு முன்னே ராஜசிம்ம பல்லவன்தான் இரண்டு கோயிலையும் எடுப்பித்தவன். அங்கே தலைநகர், இங்கே துறைமுகம். அங்கே மணற்கல்லில் கட்டினான்; இங்கே உப்புக் காற்றுக்கு எதிரே கருங்கல்லில் கட்டினான். அந்தக் கருங்கல்லையும் காற்று தேய்த்துத்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோதும் கோயில் அசையாமல் நின்றது. அந்த அலைகள் மணலை அரித்த பிறகுதான் சிறிது வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு கல்வெட்டு வெளியே தெரிந்து, 2005-ல் தோண்டிப் பார்த்தபோது பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தையைக் காணோம். தண்ணீரண்டை நின்றுகொண்டிருந்தாள். இந்தக் கடல் குளிப்பதற்கு ஏற்றதல்ல, இழுப்பு அதிகம். ஆகவே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓர் அலை வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. புடவையின் பச்சைக் கரை ஒரு சாண் நனைந்தது.

"புடவை, அத்தை!" என்றாள் என் மனைவி.

"எங்க தறியிலே கடைசியா அறுத்த புடவை இது. அவர் உடலை நெய்தார், கரை நாடா வீசினது நான். ஊருக்கெல்லாம் நெய்தோமே, இது ஒண்ணாவது உனக்குன்னு வெச்சுக்கோன்னு கொடுத்தார். மகாபலிபுரம் போறப்போ கட்டிக்கறேன்னு எடுத்து வெச்சேன். இன்னிக்குக் கட்டாமே என்னிக்குக் கட்டறது?"

நாங்கள் பேசவில்லை. சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள்: "காஞ்சிபுரம் உடல் தம்பி, இது கரை. ராஜா நல்லாத்தான் கோர்வை போட்டிருக்கான். நான்தான் இத்தனை நாள் கரையில்லாத புடவையைக் கட்டிக்கிட்டு இருந்துட்டேன்."

வாசகிகளே! வெனிஸுக்குப் போக வசதி இருப்பவர்கள் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால், ஒரு பகல் பஸ் பிரயாணத்தில் பார்த்துவிடக்கூடிய ஊரை, பாவு முடியட்டும், பரீட்சை முடியட்டும், பேரன் பிறக்கட்டும் என்று தள்ளிப் போட்டுவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருப்பாள். அவளைப் போய்க் கேளுங்கள். அந்த ஒருத்தி நீங்களாகவே இருந்தால், யாரும் கேட்கும் வரையில் காத்திருக்காதீர்கள்.

இரவு வீடு திரும்பியதும் என் மனைவி புடவையின் கரையை நல்ல தண்ணீரில் பக்குவமாக அலசி நிழலில் உலர்த்தினாள். சாயம் போகவில்லை. அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, செல்போனை வாங்கி, வெனிஸ் படத்தை மறுபடியும் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, இந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ்?"