செத்த பின்னரா நீதி?

பேய்கள் ஆளுகின்றன, திரையுலகை! 2011இல் வந்தாள் 'காஞ்சனா'. 2015இலும் 2019இலும் மீண்டும் வந்தாள். 2014இல் எழும்பிய 'அரண்மனை', 2024க்குள் நான்கு அடுக்கு கண்டுவிட்டது. கொட்டகை நிறைகிறது, பணப்பெட்டியும் நிறைகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு உலையின் அனலிலே இரவெல்லாம் வெந்த தோழன், விடுமுறை நாளில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, விரிந்த கூந்தலையும் வெளுத்த விழியையும் கண்டு அலறிவிட்டுத் திரும்புகிறான்.

அலறட்டும், சிரிக்கட்டும்! உழைத்துக் களைத்தவனின் பொழுதுபோக்கைப் பறிக்க நாம் வரவில்லை. நாமும் பார்த்தோம். பார்த்துவிட்டே கேட்கிறோம்: திரையில் ஆடும் அந்தப் பேய் யார்?

உற்றுப் பாருங்கள். பேயாக வருவோரில் கொடுங்கோலன் உண்டா? கொள்ளை இலாபக்காரன் உண்டா? இல்லை! நிலம் பறிகொடுத்தவர், மானம் பறிகொடுத்தவர், உயிர் பறிகொடுத்தவர், இவர்களே பெரும்பாலும் பேயாகின்றனர். காஞ்சனா யார்? வீட்டாரால் விரட்டப்பட்ட திருநங்கை. ஏழைகளுக்கு மருத்துவமனை எழுப்ப நிலம் வாங்கியவள். அந்த நிலத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பறிக்கிறார். கேட்கப் போனவளைக் கொன்று புதைக்கிறார். காவல் நிலையம் தராத நீதியை, நீதிமன்றம் தராத நீதியை, அவள் செத்துப் பேயாகிப் பெறுகிறாள். கொட்டகை அதிரக் கைதட்டுகிறோம்.

எதற்குக் கைதட்டினோம்? உயிரோடிருந்தவரை அவளுக்கு நீதியில்லை என்பதற்கா? செத்த திருநங்கைக்குக் கண்ணீர் வடித்தவர், வீடு திரும்பும் இரயிலிலே உயிருள்ள திருநங்கையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதேன்? 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் அவர்களின் பாலின அடையாளத்தை உரிமையென ஏற்றது. அந்தத் தீர்ப்பை எந்த ஆவி வாங்கித் தந்தது? தெருவிலும் மன்றத்திலும் நின்று போராடிய, மூச்சுள்ள மனிதர்கள் வாங்கினார்கள்!

1949இல் வெளிவந்த அண்ணாவின் 'வேலைக்காரி'யை எண்ணிப் பாருங்கள். கடன் கொடுமையால் தந்தை தூக்கில் தொங்கினார். அவர் ஆவியாக அலையவில்லை. பழிவாங்க மகன் உடலில் புகவுமில்லை. மகன் ஆனந்தன் அரிவாளைத் தூக்கினான்; நண்பன் மணி தடுத்து அறிவைக் காட்டினான். வேதாசல முதலியாரின் செருக்கை மதியால் முறித்தார்கள், இருவரும் உயிருள்ள இளைஞர்கள். பேயிடம் ஒப்படைக்கவேண்டிய வழக்கன்று அது என்று அன்றே சொன்ன தமிழ்த்திரை, இன்று எலுமிச்சம்பழத்தையும் குங்குமத்தையும் ஏந்தி நிற்கிறதே, இது வளர்ச்சியா?

'வெறும் கதைதானே' என்பர். கதைதான்! ஆனால் கதையை நம்பியவன் என்ன செய்கிறான்? 'பேய் பிடித்தது, தெய்வம் தீர்க்கும்' என்று, மனநோயுற்ற தன் இரத்தத்தையே சங்கிலியில் பூட்டுகிறான். 2001 ஆகஸ்ட் 6, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. கொட்டகையில் தீப்பற்றியது, சங்கிலி ஓட விடவில்லை, 28 பேர் மாண்டனர். இதைவிடக் கொடிய திகில் காட்சியை எந்த இயக்குநர் எடுத்துவிட்டார்?

ஆலைத் தோழர்களுக்கு இன்னுமொரு செய்தி. 1970களில் மலேசியாவின் தொழில் மண்டலங்களில், அயல்நாட்டு மின்னணு ஆலைகளில், கிராமத்திலிருந்து வந்த மலாய் இளம்பெண்கள் நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்பதித்து உழைத்தனர். திடீரென ஒருத்தி அலறுவாள், ஆவியைக் கண்டேன் என்பாள், அடுத்தவளும் அலறுவாள், வேலை நிற்கும். நிர்வாகம் என்ன செய்தது? 'போமோ' என்னும் மந்திரவாதியை அழைத்தது, ஆடு வெட்டியது. வேலை வேகத்தைக் குறைத்ததா? கண்காணியின் கடுமையைத் தணித்ததா? ஆட்டை வெட்டுவது அதைவிட மலிவாயிற்றே! ஐவா ஓங் என்னும் மானிடவியல் அறிஞர் 1987இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்து, அந்த ஆவேசத்தை ஆலை ஒழுங்குக்கெதிரான மறைமுக எதிர்ப்பென விளக்கினார். வாய்திறக்க வழியில்லாத இடத்தில் பேய் வாய்திறக்கிறது. பேயின் பேச்சில் கோரிக்கை கரைந்துவிடுகிறது!

2012இல் வந்த 'பீட்சா'வில், வைரத்தை மறைக்க ஒருவன் பேய்க்கதை கட்டுகிறான். கடைசி நொடியில் அந்தப் படமே அஞ்சி, மெய்ப்பேய் ஒன்றைக் காட்டிவிட்டது, போகட்டும். அது தந்த பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பேய்க்கதை கேட்டால், யாருடைய பெட்டி மறைகிறது என்று பார்!

கும்மிடிப்பூண்டி இரயில் பாதையிலேயே இருக்கிறது எண்ணூர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உர ஆலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளிலே ஓடினர் மீனவ மக்கள். பாட்டன் காலமாயின் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்று பூசை போட்டிருப்பர். இவர்களோ குழாயைச் சுட்டினர். ஆலை வாயிலில் அமர்ந்தனர். ஏன் கசிந்தது, யார் பொறுப்பு என்று கேட்டனர். ஆலையின் இயக்கம் நிறுத்தப்பட்டது. அதுவே பகுத்தறிவு! புத்தகத்தில் படித்த பகுத்தறிவன்று. மூச்சுத்திணறி நின்று கேட்ட பகுத்தறிவு.

இளைஞர்களே! பேய்ப்படம் பாருங்கள்; அஞ்சி மகிழுங்கள். வெளியே வந்ததும் ஒரு வினா எழுப்புங்கள்: இந்தக் கதையில் செத்தவருக்கு, சாகுமுன் யார் துணை நின்றிருக்கவேண்டும்? அண்டை வீட்டாரா, அதிகாரியா, சங்கமா, நாமா? விரலிழந்து நிற்கும் தோழன் நம் பக்கத்து எந்திரத்தில் இருக்கக்கூடும். மொழி தெரியாத ஊரில் கூலி கேட்க அஞ்சும் ஒடியாத் தொழிலாளி நம் பக்கத்து அறையில் இருக்கக்கூடும். அவர்கள் பேயாகும்வரை காத்திருக்கவேண்டாம்.

செத்தவருக்கு நீதி வழங்கத் திரை போதும். இருப்பவருக்கு நீதி வழங்க நாம் வேண்டும்!