நிழல் தரவும் கொழும்பா வரவேண்டும்?

சித்திரை வெயிலில் எமது ஊர் வீதிகளைப் பாருங்கள். பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவருக்கும், சந்தைக்குச் சுமையோடு செல்லும் கமக்காரருக்கும் தலைக்குமேல் ஓர் இலை இல்லை. மரம் நடுங்கள் என்றால், வரண்ட பூமியில் தண்ணீர் இல்லை என்பர். சபைக்கு அதிகாரம் இல்லை என்பர். இவ்விரு விடைகளும் நிலைக்கமாட்டா.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே டூசான் என்னும் நகர் உண்டு. அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 11 அங்குலமே. அந்நகரின் டன்பார் ஸ்பிரிங் பகுதி மக்கள் 1996 முதல் தம் மண்ணுக்குரிய மரங்களை வீதியோரத்தில் நட்டு வந்தனர். வீதியைவிடத் தாழ்ந்த பாத்திகளை வெட்டி, வீதி விளிம்புக் கட்டில் வாய் திறந்து, ஓடும் மழைநீரை அவற்றினுள் திருப்பினர். கட்டை வெட்டுதல் அந்நாளில் சட்டவிரோதம். மக்கள் வாதாடினர், 2007இல் நகராட்சியே அதனை அனுமதித்தது. பாலைவனத்து வீதி நிழல் கண்டது.

யாழ்ப்பாணத்தில் பெய்வதோ ஏறக்குறைய 50 அங்குலம்! அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிறது. அந்நீரைச் சீமெந்து வடிகால் கட்டிக் கடலுக்கு அனுப்பிவிட்டு, சித்திரையில் கைவிரிக்கிறோம். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணக்கல்லினுள் இறங்கும் மழையே எமது கிணற்று நீர். எண்ணெய் படிந்த பெருவீதி நீரை விட்டுவிடுவோம். ஊர் ஒழுங்கையின் நீரைப் பாத்தியில் நிறுத்தினால் மரமும் வளரும்; கிணறும் ஊறும்.

இரண்டாவது விடை சட்டம் பற்றியது. ஏ, பி தர வீதிகள் கொழும்பின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியன என்பது உண்மை. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிவுற்றதும் உண்மை. அந்த அநீதிகளுக்கு எதிரான எமது குரல் ஓயாது. ஆயினும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரத்தையும் பொது வீதிகளையும் பரிபாலிக்கும் பொறுப்பைச் சபைகளிடம் ஒப்படைத்துள்ளது. 2025 மே மாதத்தில் எமது வாக்குகளால் அமைந்த சபைகள் அவை. தமக்குரிய ஒழுங்கையில் ஒரு வேம்பை நட அவற்றுக்கு எந்த அமைச்சரின் கையொப்பம் தேவை?

நாம் கேட்பது அதிகமன்று. வடிகாலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு பாத்திகளுக்குச் செல்லட்டும். மின்கம்பி செல்லாத ஓரங்களில், பிற்பகல் வெயில் தாக்கும் மேற்குப் புறத்தை முதலிற் கவனித்து, வேம்பும் புங்கும் பூவரசும் நடப்படட்டும். ஆடு தீண்டாத அடைப்புக்கும் முதலிரு கோடைகளின் தண்ணீருக்கும் பொறுப்பாளர் நியமிக்கப்படட்டும். கார்த்திகையில் கன்று நட்டுப் படம் பிடித்து, தையில் மறந்துவிடும் விழாக்கள் போதும்.

உரிமை கேட்போம், பெறும்வரை கேட்போம். ஆனால், கையிலுள்ள அதிகாரத்தைத் துருப்பிடிக்க விட்டவன் மேலும் அதிகாரம் கேட்டால், அவன் வழக்கு எந்த மன்றில் நிற்கும்? வரும் ஐப்பசி மழைக்கு முன்னரே எமது சபைகள் மண்வெட்டியைக் கையில் எடுக்கட்டும்!