நண்டு மணக்கிறது, கருவாடு மட்டும் நாறுகிறதா?

விடுமுறை நாள் வந்தால் சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குக் கார்கள் வரிசை கட்டுகின்றன. படகுச் சவாரி, பறவைகள், டச்சுக் கல்லறை, கடைசியில் நண்டு வறுவல். 'பழகாத உணவைத் தேடிப்போய்ச் சுவையுங்கள், மனம் விரியும்' என்று சொல்லும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காட்டூரிலிருந்தோ, ஏரியைச் சுற்றியுள்ள வேறொரு மீனவக் கிராமத்திலிருந்தோ அதே சென்னைக்கு வேலைக்கு வரும் இளைஞர் வாடகைக்கு வீடு தேடிப் போகட்டும். வீட்டுக்காரரின் முதல் கேள்வி, 'நீங்க வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?' அதற்குள்ளேயே இரண்டாவது கேள்வியும் ஒளிந்திருக்கிறது: 'நீங்க என்ன ஆளுங்க?'

ஞாயிற்றுக்கிழமை நண்டுக்காக இரண்டு மணி நேரம் பயணம் செய்கிற நகரம், திங்கட்கிழமை பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் சன்னலைச் சாத்துகிறது. இந்த முரண்பாட்டை 'ருசி ஆளுக்கு ஆள் மாறும்' என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. நம் நாக்குக்குப் புதியதைப் பழக்குவது மிக எளிது. சாதிதான் பழக மறுக்கிறது.

சான்று வேண்டுமா? நம் அடுப்பங்கரைக்கே போவோம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் போர்த்துகீசியர் இந்தியக் கரைக்கு வருவதற்கு முன்பு நம் முன்னோர் மிளகாயைக் கண்ணால் கண்டதில்லை. காரம் என்றால் மிளகுதான். ஐரோப்பியக் கப்பல்கள் வந்துபோன துறைமுகங்களில் பழவேற்காடும் ஒன்று. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று மிளகாய் இல்லாமல் ஒரு மீன் குழம்பு உண்டா? தக்காளி இல்லாமல் எத்தனை வீடுகளில் ரசம் வைக்கிறார்கள்? கடல் கடந்து வந்ததைச் சில நூற்றாண்டுகளில் 'பாரம்பரியச் சமையல்' ஆக்கிக்கொண்டது இந்த நாக்கு. அதே நாக்குதான் ஊருக்கும் சேரிக்கும் இடையே கிடக்கும் ஒரு ஃபர்லாங் தூரத்தை இன்னும் கடக்கவில்லை.

இன்றைக்கும் அதே கதை. கொரியத் தொடர் பார்த்துவிட்டுக் கிம்ச்சி தேடி அலைகிறோம். கிம்ச்சியில் புளிக்கவைத்த மீனும் சிற்றிறாலும் பெரும்பாலும் சேர்கின்றன. தாய்லாந்துச் சமையல் மீன் சாறு இல்லாமல் நடக்காது. அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று மரியாதையான ஒரு பெயர் வைத்திருக்கிறோம். நம் வடசென்னையில் சென்னாக்குன்னியை வறுத்தால் அதற்கு நாம் வைத்த பெயர் கவிச்சி. உணவின் வேதியியல் ஏறக்குறைய ஒன்றுதான். சமைப்பவரின் முகவரி வேறு.

மொழியிலும் இந்த விஷம் ஊறிக் கிடக்கிறது. இந்தியத் தலைமைப் பதிவாளரின் 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் மீனோ கறியோ முட்டையோ உண்பவர்கள். ஆனாலும் மூன்று பேருக்கும் குறைவானவர்களின் உணவுக்குத்தான் 'சைவம்' என்று சொந்தப் பெயர். மீதி எல்லோருடைய உணவும் 'அ-சைவம்', அதாவது அது அல்லாதது. ஓட்டல் பலகையில் 'உயர்தர சைவ உணவகம்' என்று எழுதுகிறோம். தரத்தில் உயர்ந்ததாம். அப்படியானால் தரத்தில் தாழ்ந்தது எது, தாழ்ந்தவர் யார் என்று அந்தப் பலகை சொல்லாமல் சொல்கிறது.

இந்தப் பலகையோடு நடந்த சண்டை நமக்குப் புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டதை எதிர்த்து 1920-களில் எழுந்த கிளர்ச்சி தமிழக அரசியலையே திருப்பிப் போட்டது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கப் பெரியாரின் தோழர்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள். இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவு விடுதி ஒன்றில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் மாறியது. வாசல் இரண்டாகவே இருந்தது.

பார்ப்பனர்களைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தகராறு செய்தார்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி கிராமத்துப் பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அது மாட்டுக்கறியும் அல்ல, கருவாடும் அல்ல. அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் சாப்பிடுகிற அதே ரவை, அதே அரிசி. அரிசியும் ரவையும் மாறாதபோது, மறுக்கப்பட்டது எது? சமைத்த கை.

'பழகாத உணவு' என்ற பேச்சு முழுவதும் இந்த இடத்தில் பொடிப்பொடியாகிறது. பழகிய உணவையே மறுக்க வைக்கிற ஒன்று இந்தச் சமூகத்தில் இருக்கிறது. அதைத் தொடாமல் புதுச் சமையல்களைத் தேடிப் போவது, காயத்தை மூடிவிட்டுப் புதுச் சட்டை போடுவது போல.

பழவேற்காட்டின் நண்டுக்கே திரும்புவோம். அந்த ஏரியில் யார் எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' என்ற முறை தீர்மானிக்கிறது. ஊர்த் தலைக்கட்டில் இடம்பெற்ற பட்டினவர் குடும்பங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. அளவுக்கு மீறி மீன் பிடிக்காமல் ஏரியை இந்த முறை காத்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது உண்மை. ஏரியைக் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திடமிருந்து காக்கப் போராடும் மீனவர்களோடு நாம் நிற்கிறோம் என்பதும் உண்மை. ஆனால் பாட்டில் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் பங்கு இல்லை என்பதும் உண்மை. முதல் இரண்டு உண்மைகளுக்காக மூன்றாவதை விழுங்கிவிடச் சொன்னால் எப்படி?

பங்கு இல்லாதவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? இருளர் பெண்கள் கழிமுகத்துச் சேற்றுநீரில் மணிக்கணக்கில் இறங்கி, பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, படகு இல்லை, பாடு இல்லை. வெறும் பத்து விரல்கள். நாம் 'வாவ்' என்று சொல்லும் இறால் தொக்கில் அந்த விரல்களின் வெட்டுக்காயமும் இருக்கலாம். சாப்பாட்டுக் காணொளி எடுப்பவர்கள் வாணலிக்கு அருகே கேமராவைக் கொண்டுபோகிறார்கள். இறால் வந்த தண்ணீருக்குள் அது போவதில்லை.

இருளர்களின் தட்டு இன்னொன்றையும் சொல்லும். வயல் எலி அவர்களுக்குக் காலங்காலமான உணவு. 2017-இல் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் எலியை வாயில் கவ்விப் போராடினார்கள். அவர்களின் துயரம் பொய்யல்ல, கோரிக்கை நியாயமானது. ஆனால் 'பாருங்கள், எங்களை எந்த நிலைக்குத் தள்ளிவிட்டீர்கள்' என்று நாட்டுக்குக் காட்ட அவர்கள் தேர்ந்தெடுத்த அடையாளம், வேறொரு மக்களின் அன்றாடச் சாப்பாடு. ஒருவரின் இரவு உணவு இன்னொருவரின் அவமானச் சின்னம் ஆவது எப்படி? அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

அரசும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. உணவின் பன்முகத்தன்மையைக் கொண்டாடுவோம் என்பார்கள். பன்மையில் ஒன்று எப்போதும் பந்திக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

'அப்படியென்றால் எல்லோரும் மாட்டுக்கறி தின்ன வேண்டுமா? உணவு தனிமனித விருப்பம் இல்லையா?' என்று சிலர் கேட்பார்கள். விருப்பம்தான். எதையும் உண்ணாமல் இருக்க யாருக்கும் உரிமை உண்டு. உங்கள் தட்டில் எது இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் தட்டைக் காட்டி எங்கள் வாடகை வீட்டையும், அலுவலக உணவறையையும், பள்ளிச் சமையலறையையும் தீர்மானிக்காதீர்கள் என்கிறோம். விருப்பம் சட்டமாக மாறும் இடத்தில் அது ஆதிக்கம்.

இன்னொரு பக்கம், 'நான் மாட்டுக்கறி சாப்பிடுவேன், அதனால் எனக்குச் சாதி இல்லை' என்று படம் போடும் முற்போக்கு நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1917 மே 29-இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமபந்தி நடத்தினார். சொந்தச் சாதியே அவரை விலக்கி 'புலையன் அய்யப்பன்' என்று ஏசியது. அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் விலை கொடுத்தார்கள். இன்று கடையில் காசு கொடுத்துத் தின்பதில் அந்த விலை எங்கே இருக்கிறது? சேர்ந்து உண்பது மட்டும் சாதி உணர்வைக் கொன்றுவிடவில்லை, சாதி மறுப்புத் திருமணம்தான் உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலிலேயே எழுதிவிட்டார். நண்பன் வீட்டில் மாட்டுக்கறி தின்றுவிட்டு, அவன் தங்கை தன் அண்ணனைக் காதலித்தால் முகம் சுளிப்பவருக்கு ருசி தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே, பழவேற்காட்டுக்குப் போங்கள். நண்டும் மடவையும் கிழங்கானும் நல்ல மீன்காரரிடம் வாங்கி உண்ணுங்கள். உண்ணும்போது இறாலைப் பிடித்தவருக்குப் பாட்டில் பங்கு உண்டா என்று கேளுங்கள். திரும்பி வந்து உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் 'சைவம் மட்டும்' விதியை நீக்கச் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் நண்பர் தனியாக மூலையில் உட்கார்ந்தால், உங்கள் டிபன் பாக்ஸை அங்கே எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர் யார், அவரை யாராவது மிரட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். இருளர் குடியிருப்புக்குப் பட்டாவும், ஏரியில் மீன்பிடி உரிமையும் கேட்டு நடக்கும் போராட்டங்களில் ஆளாக நில்லுங்கள். இவற்றில் எதற்கும் புதிய நாக்கு தேவையில்லை.