'டிராமா'வை இப்போது புகழ்கிறவர்களுக்கு

யெஸ் இசைக்குழுவின் 'டிராமா' ஆல்பத்தை இப்போது எல்லோரும் நல்ல ஆல்பம் என்கிறார்கள். பத்து வருடம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். கல்லூரி விடுதியில் ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்க் வழியாகத்தான் ப்ராக்ரஸிவ் ராக் எனக்கு அறிமுகம். யெஸ் ஃபோல்டருக்குள் ஆல்பங்கள் வருட வரிசையில் இருந்தன. 'ஃப்ரஜைல்', 'க்ளோஸ் டு தி எட்ஜ்' எல்லாவற்றையும் பக்தியோடு காட்டியவர், 1980க்கு வந்ததும், "இது சும்மா, நடுவுல வந்த ஆல்பம். தாண்டிப் போயிரு" என்றார். தாண்டிப் போனேன். ஒரு பாட்டுகூடக் கேட்காமல், "அது ஒரு டிரான்சிஷனல் ஆல்பம்ப்பா" என்று நாலைந்து வருடம் மற்றவர்களுக்குப் பாடம் வேறு எடுத்தேன். ஆகவே கீழே நான் திட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

டிரான்சிஷனல் ஆல்பம், அதாவது மாறுதல் கால ஆல்பம். இந்தச் சொல்லே ஒரு ஏமாற்று. பாட்டு போட்டுக்கொண்டிருக்கும்போது யாருக்கும் தான் மாறுதல் காலத்தில் இருப்பது தெரியாது. அடுத்து என்ன வந்தது என்று தெரிந்த பிறகு, பின்னால் நின்று பார்க்கிறவர்கள் ஒட்டுகிற சீட்டு அது. சரி, ஆள் மாறினால் மாறுதல் காலம் என்று வைத்துக்கொள்வோம். 1971இல் 'தி யெஸ் ஆல்பம்' வந்தபோது கிட்டார் கலைஞர் மாறியிருந்தார். பீட்டர் பேங்க்ஸ் போய் ஸ்டீவ் ஹௌ வந்திருந்தார். 1972இல் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' முடிந்த கையோடு டிரம்மர் பில் ப்ரூஃபோர்ட் போய் ஆலன் வைட் வந்தார். 1974இல் 'ரிலேயர்' வந்தபோது கீபோர்டில் ரிக் வேக்மன் இல்லை, பேட்ரிக் மொராஸ் இருந்தார். இவற்றை யாரும் நடுவுல வந்ததுன்னு தள்ளவில்லை. அப்படியென்றால் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: எங்க ஆளு இதுல பாடல.

அந்த ஆள் ஜான் ஆண்டர்சன். 1968இல் கிறிஸ் ஸ்குவையரோடு சேர்ந்து குழுவை ஆரம்பித்தவர். 1979 கடைசியில் பாரிஸில் அடுத்த ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு நடந்தது. எதுவும் கூடிவரவில்லை. ரோலர் ஸ்கேட்டிங் போன ஆலன் வைட்டின் கால் எலும்பு முறிந்ததோடு அந்த முயற்சி முடிந்தது. 1980 தொடக்கத்தில் ஆண்டர்சனும் வேக்மனும் வெளியேறினார்கள். மிச்சமிருந்த மூவரோடு வந்து சேர்ந்தவர்கள் ட்ரெவர் ஹார்னும் ஜெஃப் டௌன்ஸும். தி பகிள்ஸ் என்ற பெயரில் 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்' பாட்டைப் போட்டு, 1979 அக்டோபரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர்கள். இரண்டு பேருமே யெஸ் ரசிகர்கள். பாப் பாட்டுக்காரர்கள் கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டார்கள் என்றுதான் பழைய ரசிகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆல்பம் 1980 ஆகஸ்டில் வந்தது. பிரிட்டனில் 2ஆம் இடம், அமெரிக்காவில் 18. பிறகு சுற்றுப்பயணம். ஆண்டர்சனின் குரல் உயரத்துக்காகக் கட்டப்பட்ட பாட்டுகளை ஹார்ன் இரவுக்கு இரவு பாட வேண்டியிருந்தது. குரல் தாங்கவில்லை. இங்கிலாந்து மேடைகளில் ஆண்டர்சன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். 1981 பிறந்ததும் குழு கலைந்தது.

இது பழைய கதை. இப்போது காட்சி மாறிவிட்டது. "'டிராமா' செம ஆல்பம் ப்ரோ, யாருக்கும் புரியல" என்கிறார்கள். ஏன் செம என்று கேட்டால் மூன்று காரணம் வரும். ஸ்குவையரின் பேஸ் கிட்டார் இவ்வளவு முன்னால் வேறெங்கும் ஒலித்ததில்லை. 'மெஷின் மெசையா' கிட்டத்தட்ட ஹெவி மெட்டல். அட்டைப்பட ஓவியத்துக்கு ரோஜர் டீன் திரும்பி வந்துவிட்டார். மூன்றும் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றிலும் யார் பெயர் இருக்கிறது பாருங்கள். ஸ்குவையர், ஹௌ, டீன். பழைய வீட்டு ஆட்கள். புது மருமகள் வைத்த குழம்பை ஒரு சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, 'மாமியார் கைப்பக்குவம் அப்படியே இருக்கு' என்று சொல்வதற்குப் பெயர் பாராட்டா? 1980இல் ஹார்னைப் பார்த்துக் கத்தியவர்களாவது அவர் அங்கே நிற்பதை ஒப்புக்கொண்டார்கள். இன்றைய மறுமதிப்பீடு அவரைத் துடைத்துவிட்டு ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

சரி, ஹார்னும் டௌன்ஸும் என்னதான் கொண்டுவந்தார்கள்? பாட்டுகளின் பெயர்களையே பாருங்கள். ஓர் இயந்திர மீட்பர், ஒரு வெள்ளைக் கார், ஒரு கேமரா லென்ஸ், 'காலம் பறக்கிறது' என்று ஒரு லத்தீன் தொடர். அதுவரை யெஸ் பாட்டுகளில் சூரியனும் நதியும் பிரபஞ்ச ஆன்மாவும் திரிந்துகொண்டிருந்தன. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் 1980இல், பங்க் வந்து மூன்று நாலு வருடம் கழித்து, தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த இங்கிலாந்தில் அந்தப் பிரபஞ்சம் எத்தனை தூரம் போயிருக்கும்? யெஸ்ஸின் வானத்தைத் தரைக்கு இறக்கியவர்கள் இந்த இருவர். இயந்திரத்தைப் பார்த்துக் கவர்ச்சியும் பயமும் ஒருசேர வருகிற மனநிலை 'வீடியோ கில்ட்' பாட்டிலேயே இருக்கிறது. அதுதான் 10 நிமிடத்துக்கு மேல் நீண்டு 'மெஷின் மெசையா' ஆகிறது.

'இன்டு தி லென்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரு ஹார்னும் டௌன்ஸும் கொண்டுவந்தது. 'டிராமா'வில் ஸ்குவையரும் வைட்டும் அதன் தொடக்கத்தை வெட்டி வெட்டி வாசிக்கிறார்கள். நடுவில் எல்லாம் விலகி, ஹார்னின் குரல் மட்டும் தனியாக, கொஞ்சம் கூச்சத்தோடு வந்து நிற்கும். அடுத்த வருடமே அதே பாட்டை பகிள்ஸ் 'ஐ ஆம் எ கேமரா' என்று திரும்பப் பதிவு செய்தது. அங்கே அது சின்தசைசர் போர்த்திய மெதுவான பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இந்த மெட்டு யெஸ்ஸை நம்பிப் பிழைத்தது அல்ல என்பது தெரியும். யெஸ்தான் அதை வைத்து எழுந்து நின்றது.

இன்னொரு சாட்சியும் உண்டு. 2004 மறுவெளியீட்டில், பாரிஸில் ஆண்டர்சன் இருந்தபோது பதிவான துண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் 'டான்சிங் த்ரூ தி லைட்' என்று ஒன்று. அதுதான் பிறகு 'ரன் த்ரூ தி லைட்' ஆனது. பொறுமையிருந்தால் கேட்டுப் பாருங்கள். அவரவர் வேறு வேறு அறையில் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி இருக்கும். 'ஆண்டர்சன் மட்டும் இருந்திருந்தா எங்கயோ போயிருக்கும்' என்கிறவர்களுக்கு அவர் இருந்த பதிவே பதில். 'டிராமா' வடிவத்தில் பேஸ் கிட்டார் வாசிப்பது ஹார்ன். ஸ்குவையர் பியானோவுக்கு நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார். ரசிகர்கள் கொடுக்காத இடத்தை அவர் கொடுத்தார்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'ஒயிட் கார்' ஒன்றரை நிமிடம்கூட இல்லாத துண்டு, வளர்த்திருக்கலாம். 'ரன் த்ரூ தி லைட்' இந்த வடிவத்திலும் கொஞ்சம் தொய்வுதான். மேடையில் ஹார்ன் தடுமாறியதும் உண்மை. ஆனால் மேடையில் அவர் தோற்றது இன்னொருவரின் பாட்டுகளில். ஆல்பத்தில் அவர் பாடியது தன் பாட்டுகளை. அங்கே அவர் எங்கே தோற்றார்?

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1983இல் ஆண்டர்சன் திரும்பி வந்து, '90125' ஆல்பம் வெளியானது. 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் போனது. யெஸ்ஸின் ஒரே நம்பர் ஒன். அதைத் தயாரித்தவர் யார்? எந்த ஆளைப் பார்த்துக் கத்தினார்களோ, அதே ட்ரெவர் ஹார்ன். பாட்டுக்காரராக வேண்டாம், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாமல் உட்கார்ந்து எங்கள் குழுவைக் காப்பாற்றிக் கொடுத்தால் சரி. ரசிக மனம் போட்ட கணக்கு இதுதான். 'டிராமா' பாட்டுகள் முறையாக மேடைக்குத் திரும்ப 2008 ஆயிற்று. அதுவும் ஆண்டர்சன் இல்லாத குழுவில். 2016இல் பிரிட்டனில் முழு ஆல்பத்தையும் வாசித்தார்கள். கைதட்டல் பலமாக இருந்திருக்கும். அப்போது ஸ்குவையர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கோ இங்கிலாந்தில் நடந்த விஷயத்துக்கு உனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் கல்லூரி இசைக்குழுவில் எல்லோருக்கும் பிடித்த ஓர் அண்ணன் பாடிக்கொண்டிருந்தார். அவர் படிப்பு முடிந்து போனதும் இரண்டாம் வருடப் பையன் ஒருவன் வந்தான். முதல் நிகழ்ச்சியில் நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அந்த அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தினோம். விளையாட்டுக்குத்தான். அவன் சிரித்துக்கொண்டே பாடி முடித்தான். அப்புறம் பாடவே இல்லை. வருடங்கள் கழித்து அந்தப் பதிவை ஒரு நண்பன் அனுப்பினான். நன்றாகத்தான் பாடியிருந்தான். அவன் சொந்தமாக எழுதிய பாட்டு ஒன்றும் அதில் இருந்தது. அந்தப் பாட்டு முழுக்க எங்கள் கூச்சல் கேட்கிறது.

"அந்த நிகழ்ச்சி அப்பவே செமயா இருந்துச்சு" என்று இப்போது எங்கள் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். மறுமதிப்பீடு என்றால் அவ்வளவுதானா? அவன் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஆகவே நண்பர்களே, 'டிராமா'வைத் தாராளமாகப் புகழுங்கள். புகழும்போது ட்ரெவர் ஹார்ன், ஜெஃப் டௌன்ஸ் என்று இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆல்பத்தின் ஆறு பாட்டுக்கும் ஐந்து பேர் பெயரையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். குழுவில் இருந்தவர்களுக்கு அதில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை.