பனிமலையும் ஒரு காகிதமும்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மாஜி ஹவில்தார் வசிக்கிறார். 1987-ல் அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனவர். பிறகு லடாக்கின் பனியில் கிடந்தவர். முழங்கால் அங்கேதான் போயிற்று என்பது அவர் கட்சி. சென்ற ஞாயிறு காலை, உபாத்தியாயர் வீட்டில் ஆங்கிலக் காகிதங்களுக்கு இலவசமாக அர்த்தம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, தகரப் பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார்.

பெட்டியில் 1998-ஆம் வருஷத்துக் கடிதம் ஒன்று. "தங்கள் ஊனம் ராணுவ சேவையால் உண்டானதன்று, சேவையால் அதிகரித்ததுமன்று. ஆகவே ஊன பென்ஷன் இல்லை" என்று படித்துச் சொன்னேன்.

"அப்படியானால் என் வீட்டுத் திண்ணையிலே உண்டானதா, வாத்தியாரய்யா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்ச் சிப்பாய்க்கு அவன் தலைவிதியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் விந்தையை என்னவென்பது!

விஷயம் இதுதான். ஊனம் நூற்றுக்கு 20-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது சேவையால் நேர்ந்ததாகவோ, அதிகரித்ததாகவோ இருக்க வேண்டும். ஹவில்தாருக்கு வைத்திய போர்டு 30 என்று எழுதியிருந்தது. இரண்டாவது நிபந்தனையில்தான் இடறினார். அவரைப் போல் இடறியவர் அநேகர்.

தரம்வீர் சிங் என்பவர் 1985-ல் சிக்னல் படையில் சேர்ந்தார். 1994-ல் வலிப்பு நோயால் 20 சதவிகித ஊனத்துடன் வெளியேற்றப்பட்டார். அவருக்கும் இதே பதில்தான். 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேர்க்கும்போது உடம்பைப் பரிசோதித்து, குறை எதுவும் குறிக்காமல் எடுத்துக்கொண்டால், பின்னர் வந்த நோய் சேவையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்கும் பாரம் சர்க்காருடையது என்றது. புதிய நியாயமன்று, 1982-ஆம் வருஷத்து விதிகளிலேயே இருந்ததுதான். தட்டிப் பார்த்து வாங்கிய பானை நம் வீட்டில் விரிசல் கண்டால் குயவனையா கோபிப்பது?

நிற்க. காலம் என்று ஒரு சத்துரு உண்டு. தர்ஸேம் சிங் என்ற சிப்பாய் 1983-ல் வெளியேறியவர். 1999-ல்தான் ஹைகோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் கிடைத்தது, ஆனால் பழைய பாக்கி, மனுவுக்கு முந்திய 3 வருஷங்களுக்கு மட்டுமே என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு வரையறுத்துவிட்டது. மற்ற 13 வருஷங்களின் பணம் போனது போனதுதான்.

"இத்தனை காலம் ஏன் சும்மா இருந்தீர்கள்?" என்றேன்.

"சர்க்கார் முத்திரை போட்டு எழுதியாச்சு. அப்புறம் போய்க் கேட்டால் பிச்சை மாதிரி இருக்குமே, அய்யா!"

இந்த ரோஷத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? ராணுவத்தினர் வழக்குகளுக்கென்று 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட ட்ரிப்யூனலுக்குச் சென்னையிலேயே ஒரு கிளை உண்டென்றும், மனு எழுத முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்களென்றும் சொன்னேன். டிஸ்சார்ஜ் புஸ்தகமும் வைத்திய போர்டின் குறிப்பும் வேண்டுமே என்றேன். செங்கற்பட்டில் மகள் வீட்டுப் பரணில் இருக்கலாம் என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். விடியற்காலை மின்சார ரயிலிலேயே புறப்பட்டுவிட்டாராம்.